பழைய உடுப்பு: வயது என்ன, துணி என்ன?



இங்கிலாந்துக்கு வந்து நாற்பது, ஐம்பது வருடங்களைக் கடந்த குடும்பங்கள் இப்போது நம்மிடையே பல உண்டு. பெரியவர்கள் காலமாகிறார்கள், அல்லது வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு போய் இருக்கிறார்கள். அலுமாரியில் தொங்கும் உடுப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் திணித்துச் சரிட்டி கடையில் இறக்கிவிட்டு வருகிறோம். அந்தப் பைக்குள் போனது 1950ஆம் ஆண்டுக் கம்பளிக் கோட்டா, 1990ஆம் ஆண்டுப் பொலியெஸ்டர் கோட்டா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு பக்கம், நம்முடைய இளம் பிள்ளைகள் "அசல் 1940கள்" என்று சொல்லப்பட்டதை நம்பி, சந்தையில் நல்ல விலை கொடுத்து ஒரு சட்டையை வாங்கி வருகிறார்கள். பார்த்தால் அது 1980களில் தைத்தது!

நான் தையல்காரன் அல்ல. கணக்குப் பார்ப்பவன். ஆனால் பழைய உடுப்பின் வயதைக் கண்டுபிடிப்பது ஏறக்குறையக் கணக்காய்வு வேலைதான் என்பது என் எண்ணம். உடுப்பின் வெட்டையும் அழகையும் பார்த்து வயது சொன்னால் ஏமாறுவோம். ஏனென்றால் நாகரிகம் திரும்பத் திரும்ப வரும். 1940களின் அகன்ற தோள் 1980களில் மறுபடியும் வந்தது. திரும்பி வராதவை வேறு சில இருக்கின்றன: வரி, சட்டம், நாணயம், நாடுகளின் பெயர். இவை உடுப்பின் உட்பக்கத்தில் பதிந்திருக்கும். ஆகவே முதலில் உடுப்பை உள்வெளியாகத் திருப்புங்கள்.

ஒரேயொரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அந்த உடுப்பில் இருப்பவற்றுள் மிகப் பிந்தி உலகத்துக்கு வந்தது எதுவோ, அதற்கு முன்னர் அந்த உடுப்பு பிறந்திருக்க முடியாது. பத்து அடையாளங்கள் 1950 என்று சொல்லி, ஒன்று மட்டும் 1972 என்று சொன்னால், அந்த ஒன்றுக்குத்தான் பதில் தேட வேண்டும். சில வேளை அது பின்னர் மாற்றிப் போட்ட பொத்தானாகவோ சிப்பாகவோ இருக்கும். பக்கத்தில் பழைய தையல் ஓட்டைகள் தெரிந்தால் திருத்தம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிரித்தானிய உடுப்புகளில் மிகவும் பேர்போன அடையாளம் "சீசீ 41" என்ற முத்திரை. ஒரு துண்டு வெட்டியெடுத்த இரண்டு வட்டப் பாற்கட்டிகள் போல இரண்டு "சீ" எழுத்துகள், பக்கத்தில் 41 என்ற இலக்கம். ரெஜினால்ட் ஷிப் என்பவர் வரைந்தது. யுத்த காலத்தில், 1941 யூன் 1ஆம் திகதி, இந்த நாட்டில் உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதல் வருடத்துக்கு ஆளுக்கு 66 கூப்பன். லைனிங் வைத்த கம்பளி ஓவர்கோட்டு ஒன்றுக்கே 16 கூப்பன் போய்விடும். அதே ஆண்டில் அரசாங்கம் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்திய "யூட்டிலிட்டி" உடுப்புகளைக் கொண்டுவந்தது. அந்த உடுப்புகளின் முத்திரைதான் இது.

பலர் தவறுவது இங்கேதான். 41 என்று போட்டிருப்பதால் 1941இல் தைத்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த 41 திட்டத்தின் ஆண்டு, உடுப்பின் ஆண்டு அல்ல. கூப்பன் முறை 1949 மார்ச் மாதத்தில் முடிந்த பிறகும் யூட்டிலிட்டித் திட்டம் 1952 வரை நீடித்தது. அது ஏன் என்று கேட்டால் பதில் என்னுடைய துறையில் இருக்கிறது. 1940 ஒக்டோபரில் "பேச்சஸ் ரக்ஸ்" என்ற கொள்வனவு வரி வந்திருந்தது. இன்றைய "வற்" வரிக்கு மூத்த அண்ணன், 1973 ஏப்ரலில் வற் வரும்வரை இருந்தது. யூட்டிலிட்டி உடுப்புகளுக்கு 1942இல் அந்த வரியிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே அந்த முத்திரை வெறும் அலங்காரம் அல்ல, வரி விலக்குச் சான்றிதழ். கூப்பன் போன பிறகும் அதன் பயன் போகவில்லை. இந்த முத்திரையுள்ள உடுப்புக்கு நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது, "1941க்கும் 1952க்கும் இடையில்" என்பதுதான். இன்று புதிதாக நெய்த போலி முத்திரைகளும் விற்பனைக்கு உண்டு. லேபிளைச் சுற்றியுள்ள துணி மங்கியிருக்க, லேபிள் மட்டும் பளிச்சென்று இருந்தால் பணப்பையை மூடிவிடுங்கள்.

அந்தக் காலத்து ஆண்களின் காற்சட்டையில் இன்னொரு வேடிக்கை. துணியை மிச்சப்படுத்துவதற்காகக் காற்சட்டையின் அடியை வெளிப்புறம் மடித்துத் தைப்பதை 1942இல் தடை செய்தார்கள். ஆண்களின் எரிச்சல் தாங்காமல் 1944இல் தடையை நீக்கினார்கள். சிலர் வேண்டுமென்றே நீளமான காற்சட்டை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். வரி ஏய்ப்புக்கும் வரித் தவிர்ப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசம் போல இதையும் வகைப்படுத்தலாம்!

நம்முடைய வீடுகளில் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் இதற்குப் பிந்தியவை. சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டார். தகப்பனார் 1961இல் கொழும்பிலிருந்து வந்து இறங்கியபோது வாங்கிய கோட்டு தன்னிடம் இருக்கிறது, அதைத் தன் மகனுக்குக் கொடுக்கப்போகிறேன், 1961 என்று எழுதி வைக்கலாமா என்று. உட்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நூற்கண்டு போலச் சுற்றிய கோடுகளுள்ள ஒரு சின்னம் என்றார். அது "வூல்மார்க்", தூய புதுக் கம்பளிக்கு உரிய சின்னம். அது உலகத்துக்கு வந்தது 1964இல். சட்டைப்பையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். விலைச்சீட்டு ஒன்று இருந்தது, 18 கினி என்று. ஒரு கினி 21 ஷில்லிங், ஆக 18 பவுண் 18 ஷில்லிங். தசம நாணயம் வந்தது 1971 பெப்ரவரி 15ஆம் திகதி. ஆக அந்தக் கோட்டு 1964க்கும் 1971க்கும் இடையில் வாங்கியது.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. ஒரு குடும்பக் கதையைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் சங்கடம். இரண்டு நாள் கழித்து அவரே எடுத்தார். தாயாரிடம் கேட்டாராம். வந்திறங்கியபோது வாங்கியது யாரோ போட்டுக் கழித்த பழைய கோட்டு, அது எப்போதோ போய்விட்டது. இது நிரந்தர வேலை கிடைத்த பிறகு, முதன்முதலாகப் புதிதாக வாங்கியது. அதற்குப் பிறகு தகப்பனார் ஊருக்கு அனுப்பிய எல்லாப் படங்களிலும் இந்தக் கோட்டுத்தானாம். லேபிளைப் பார்த்திராவிட்டால் தாயாரிடம் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

மற்ற அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "சென்ட் மைக்கல்" என்ற பெயர் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சருடையது. 1928இல் பதிவானது, 2000ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. நார் விகிதம், அதாவது இத்தனை வீதம் பருத்தி இத்தனை வீதம் பொலியெஸ்டர் என்று எழுதுவது, பிரித்தானியா 1973இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்த பிறகுதான் இங்கே சட்டப்படி கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அது 1960 மார்ச் மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது. "வெஸ்ட் ஜேர்மனி" என்றால் 1949 முதல் 1990 வரை. "பிரிட்டிஷ் ஹொங்கொங்" என்றால் 1997க்கு முன்னர். "சிலோன்" என்று இருந்தால் 1972 மே 22ஆம் திகதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும், அன்றுதான் பெயர் மாறியது. ஆனால் நம்முடைய நாட்டிலிருந்து உடுப்பு ஏற்றுமதி பெருகியது 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு. ஹொங்கொங் போன்ற இடங்களுக்கு ஏற்றுமதிக் கோட்டா இறுகியபோது, கோட்டா மிச்சமிருந்த நாடுகளைத் தேடித் தொழிற்சாலைகள் வந்தன. ஆகவே "ஸ்ரீலங்கா" லேபிள் அடிக்கடி கிடைக்கும், "சிலோன்" லேபிள் அபூர்வம். கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள்.

சிப்பைப் பொறுத்தவரை, உலோகப் பல் என்றால் பழையது, நைலோன் சுருள் என்றால் பெரும்பாலும் 1960களும் அதற்குப் பின்னரும். பெண்களின் சட்டையில் சிப் இடது விலாப் பக்கத்தில் இருந்தால் 1930கள் முதல் 1950கள் வரை என்று ஊகிக்கலாம். "ஓவர்லொக்" தையல் இருந்தால் புதியது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், அந்த இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொழிற்சாலைகளில் இருந்தது. அளவெடுத்துத் தைத்த ஆண்களின் கோட்டில் மட்டும் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. உட்புறச் சட்டைப்பைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். தையல்காரர் ஒட்டிய சிறு லேபிளில் வாடிக்கையாளரின் பெயரும் திகதியும் எழுதியிருக்கக்கூடும்.

இனித் துணி. இதுவும் முதலில் ஆண்டுக் கணக்குத்தான். செயற்கைப் பட்டு என்று சொல்லப்பட்ட ரேயோனை கோர்ட்டோல்ட்ஸ் நிறுவனம் கவென்ட்ரி நகரில் 1905 முதல் தயாரித்தது. நைலோன் காலுறை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1940 மே மாதத்தில். பொலியெஸ்டர் நாரை மான்செஸ்டரில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் 1941இல் கண்டுபிடித்தார்கள், ஆனால் அது "டெரிலீன்" என்ற பெயரில் மக்கள் கைக்கு வந்தது 1950களில். இழுபடும் "லைக்ரா" 1958இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே 1940களின் அசல் சட்டை என்று சொல்லி, அது பொலியெஸ்டராக இருந்தால், மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

லேபிள் இல்லாத துணி எது என்று அறிய நூலை எரித்துப் பார்ப்பது பழைய முறை. தையலின் உள் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று நூலை மட்டும் எடுத்து, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளியும் பட்டும் தலைமயிர் கருகும் மணம் தரும், நெருப்பை எடுத்தால் தானாக அணையும், மிஞ்சிய கரியை விரலால் நசுக்கலாம். நைலோனும் பொலியெஸ்டரும் நெருப்பைக் கண்டு சுருங்கி உருகி, நசுக்க முடியாத மணியாக இறுகும். வினாகிரி மணம் வந்தால் அது அசிட்டேட். அதன்மேல் நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பட்டால் துணியே கரைந்துவிடும்.

ரேயோன்தான் ஏமாற்றுக்காரன். எரித்தால் பருத்தியைப் போலவே எரியும். அதைப் பிடிக்க நெருப்பு உதவாது, தண்ணீர்தான் உதவும். ஒரு நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள். பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயோன் நனைந்தால் ஏறக்குறையப் பாதிப் பலத்தை இழந்து இலகுவில் அறும். இது வெறும் பரிசோதனை மட்டும் அல்ல, எச்சரிக்கையும்கூட. 1940களின் சட்டைகளில் பல ரேயோன் கிரேப். "கொஞ்சம் தூசு, ஒரு தடவை அலசிவிடுவோம்" என்று தண்ணீரில் போட்டால் பெரியவர் சட்டை சிறுபிள்ளைச் சட்டையாகச் சுருங்கிப் போகும். துணி எது என்று தெரியும்வரை நனைக்காதீர்கள்.

பட்டில் இன்னொரு கதை. பட்டு நூலின் பிசினை நீக்கும்போது எடையில் சுமார் கால் பங்கு குறைந்துவிடும். பட்டோ எடைக்கு விற்கும் பொருள். வியாபாரி நட்டப்படுவாரா? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெள்ளீய உப்புகளில் ஊறவைத்து, இழந்த எடையை மீட்டார்கள், அதற்கு மேலும் ஏற்றினார்கள். துணி நல்ல கனமாக விழும், வாங்குபவருக்கும் திருப்தி. ஆனால் அந்த உப்பு நாரை உள்ளிருந்தே தின்னும். 1900களின் தொடக்கத்துச் சட்டைகளில், யாரும் தொடாமலே பட்டு லைனிங் நீட்டுக் கோடுகளாகக் கிழிந்திருப்பதைக் கண்டால் காரணம் இதுதான். அதைத் தைத்துத் திருத்த முயல வேண்டாம், ஊசி போன இடமெல்லாம் மேலும் கிழியும்.

சேலைக்கு இந்த முறைகள் பாதிதான் பொருந்தும். அதற்கு உட்பக்கமும் இல்லை, தைத்த லேபிளும் இல்லை. இந்திய அரசின் "சில்க் மார்க்" அட்டை தொங்கினால் 2004க்குப் பிந்தியது என்று சொல்லலாம், அவ்வளவுதான். சரிகையைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்து அசல் சரிகையில் ஓர் இழையைப் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும், அதைச் சுற்றித் தங்க முலாமிட்ட வெள்ளி. பிளாஸ்டிக் சரிகை நெருப்பில் உருகும். பழைய சரிகையை வெள்ளி விலைக்கு வாங்கி உருக்குபவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். அம்மாவின் கூறைச் சேலையை அவர்களிடம் கொடுப்பதற்கு முன்னர், கலியாணப் படத்தை எடுத்துக் கரையோடு கரை ஒப்பிட்டுப் பாருங்கள். சேலைக்கு அந்தப் படத்தைவிட நல்ல திகதிச் சான்று கிடையாது.

வைத்திருப்பது என்று முடிவு செய்த உடுப்பைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல், வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பட்டுச் சேலையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை முறியும். யாருடையது, எங்கே வாங்கியது, எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் என்பதை ஒரு சிறு பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, உள் விளிம்பில் இரண்டு தையல் போட்டு வையுங்கள். ஊசி குத்த வேண்டாம், துருப்பிடிக்கும்.