முன்பாரமும் பின்பாரமும்: பந்தயத் தடத்துக்கு ஒரு ட்ரெய்லர்

அமெரிக்காவின் பந்தயத் தடங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்ட வருவோரில் பெரும்பாலோர் தொழில்முறை வீரர்கள் அல்லர்; வார நாள்களில் வேறு வேலை பார்த்து, விடுமுறையில் கட்டணம் செலுத்தித் தடத்தில் ஓட்டிப் பழகுபவர்கள். அந்த நாளை அவர்கள் ‘ட்ராக் டே’ என்கின்றனர். தடத்துக்கென்றே வைத்திருக்கும் வண்டியில் முகப்பு விளக்கும் பக்கக் கண்ணாடிகளும் பெரும்பாலும் கழற்றப்பட்டிருக்கும் என்பதால் அதைச் சாலையில் ஓட்டிச்செல்ல இயலாது; இயன்றாலும், வளைவில் விழுந்து கைப்பிடி முறிந்துவிட்டால் வீடு திரும்ப வழியிராது. தடங்களோ ஊரை விட்டு ஒதுங்கியவை. 1953-இல் திறக்கப்பட்ட வில்லோ ஸ்பிரிங்ஸ், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது. 1955 முதல் இயங்கும், ஒரு சுற்றுக்கு 4.048 மைல் நீளமுள்ள ரோட் அமெரிக்கா, விஸ்கான்சின் மாநிலத்தின் எல்க்ஹார்ட் லேக் என்னும் சிற்றூரை அடுத்து அமைந்திருக்கிறது. காலையில் வண்டிச் சோதனையும் ஓட்டுநர் கூட்டமும் நேரத்தோடு தொடங்கிவிடுமாதலால், முந்தைய மாலையே வந்து சேர்ந்து, தடத்தை ஒட்டி வண்டிகளை நிறுத்தும் ‘பேடக்’ என்னும் வெளியிலேயே படுத்து எழுவது வழக்கமாகிவிட்டது. இவ்வாறு பகலில் சுமைவண்டியாகவும் இரவில் படுக்கையறையாகவும், காரின் பின்னால் இழுத்துவரும் ட்ரெய்லர் என்னும் ஒரே பெட்டி இரு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது; அதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் அனைத்தும் இந்த இரட்டை வேலையிலிருந்தே முளைக்கிறது.

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது, பக்கச் சுவரும் கூரையும் இல்லாத திறந்த ட்ரெய்லர். விலையும் எடையும் குறைவு, ஆனால் உறங்குவதற்குத் தனியே கூடாரம் வேண்டும். இரண்டாவது, நான்கு பக்கமும் அடைத்த சரக்குப் பெட்டி. இதற்குள் கட்டிலும் விளக்கும் வாங்குபவரே பொருத்திக்கொள்வார். மூன்றாவது, ‘டாய் ஹாலர்’ எனப்படுவது. முன்பாதி சமையலறையும் கழிப்பறையும் கொண்ட வீடாகவும், பின்பாதி வண்டிக் கொட்டகையாகவும் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டு வருவது. வசதி மிகுந்தது இதுவேயாயினும், இதை இழுக்கப் பெரிய பிக்கப் லாரி தேவைப்படுகிறது. நடுவில் உள்ள அடைத்த பெட்டியே பலரும் நாடுவதாகையால், இனி வருவன பெரும்பாலும் அதைப் பற்றியவை.

இப்பெட்டிகள் அடிக்கணக்கில் விற்கப்படுகின்றன. ஆறடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் உள்ள பெட்டி, ஏறத்தாழ 1.8 மீட்டருக்கு 3.7 மீட்டர். விசை மிகுந்த ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். இரண்டை அருகருகே நிறுத்தினால் மிஞ்சும் நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம், அதில் நீளவாக்கில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாது. ஏழடிக்குப் பதினாறடிப் பெட்டியில் வண்டிகளுக்கு அப்பாலும் குறுக்கே ஒரு கட்டிலுக்கு இடம் கிடைக்கிறது. கணக்கு இத்துடன் முடிந்துவிட்டதாக வாங்குவோர் எண்ணுகின்றனர். வண்டிகள் ஏறி இறங்கும் சாய்தளக் கதவு பெட்டியின் பின்புறத்தில் இருப்பதால், கட்டில் முன்னாலும் வண்டிகள் பின்னாலும் அமைவது இயல்பாகத் தோன்றும். அறையாகப் பார்த்தால் இது சரியான ஏற்பாடு. சாலையில் ஓடும் பொருளாகப் பார்த்தாலோ இதைவிடத் தவறான ஏற்பாடு அரிது.

காரணத்தை அறிய மாட்டு வண்டியை நினைத்துக்கொள்வது உதவும். இரு சக்கரங்களின் அச்சுக்கு முன்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்துகிறது; பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்குகிறது. இவற்றை வண்டிக்காரர்கள் முன்பாரம் என்றும் பின்பாரம் என்றும் சொல்வர். மூட்டைகளை அடுக்கியபின் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தே பாரம் எந்தப் பக்கம் என்று கண்டுகொள்வர். ட்ரெய்லருக்கும் ஓர் ஏர்க்கால் உண்டு. அது காரின் பின்னால் உள்ள எஃகுப் பந்தின்மேல் வந்து அமர்கிறது. அந்தப் பந்தின்மேல் அழுத்தும் எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மாட்டின் கழுத்து பிழையை உடனே உணர்த்திவிடும். எஃகுப் பந்துக்கு அந்த உணர்வு கிடையாது என்பதால், பிழை நெடுஞ்சாலையின் வேகத்தில்தான் வெளிப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, எல்லாச் சுமையும் சேர்ந்து 1,600 கிலோ எடையுள்ள ஒரு ட்ரெய்லரில், பந்தின்மேல் 160 கிலோ அழுத்துவதாகவும், பந்துக்கும் அச்சுக்கும் இடையே நான்கு மீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். ஒவ்வொன்றும் 200 கிலோ எடையுள்ள இரண்டு வண்டிகளை ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளினால், நெம்புகோல் விதிப்படி பந்தின்மேலுள்ள எடை 100 கிலோ குறைந்து 60 ஆகிவிடுகிறது. மொத்த எடை ஒரு கிலோகூட மாறவில்லை. ஆனால் பத்து விழுக்காடாக இருந்தது நான்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கட்டிலுக்காக ஒதுக்கப்பட்ட ஒரு மீட்டருக்குச் சாலையில் கொடுக்கப்படும் விலை இது.

இதன் விளைவை ‘ஸ்வே’ என்கின்றனர். பெட்டி வால்போல இடமும் வலமும் வீசியாடுவதே அது. முந்திச் செல்லும் பெரிய லாரியின் காற்று பெட்டியை ஒரு பக்கம் தள்ளும்போது, அது பந்தை மையமாகக் கொண்டு சிறிது திரும்புகிறது. அதனால் பயணத் திசைக்குச் சற்றுக் கோணலாகிவிட்ட டயர்கள் தரையைப் பற்றி அதை நேர்க்கோட்டுக்கு இழுக்கின்றன. இழுபட்டு வந்த பெட்டியோ நேர்க்கோட்டில் நிற்காமல், ஊஞ்சலைப்போல மறுபக்கம் கடந்து போகிறது. மெதுவாகச் செல்லும்போது ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடச் சிறியதாகி அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறைந்துகொண்டே வந்து, ஒரு வரம்புக்கு மேல் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரியதாகிறது. அந்த வரம்பு எந்த வேகத்தில் வரும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் தலையாயது பாரத்தின் இடம். பின்பாரம் ஏற ஏற வரம்பு கீழே இறங்கி, அன்றாட வேகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முன்மூக்கில் பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிலும், பின்கோடியில் வண்டிகளும் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிப் பந்தின் எடை விதிப்படியே சரியாக அமைந்துவிடக்கூடும். தராசு குறை சொல்லாது. எனினும் ஆட்டத்தின் ஆபத்து நீங்குவதில்லை. தண்டின் இரு முனைகளிலும் குடங்கள் தொங்கும் காவடியைச் சுமந்தவர் சட்டென்று திரும்பி நின்றால், அவர் நின்ற பின்னும் தண்டு தொடர்ந்து சுழல முயலும். குடங்களைத் தோளருகே நகர்த்தினால் அந்த முயற்சி அடங்கும். அதுபோலவே, எடை இரு கோடிகளிலும் பிரிந்து கிடக்கும் பெட்டி ஆடத் தொடங்கினால் எளிதில் நிற்பதில்லை. கனமானவை அச்சை ஒட்டியும் அதற்குச் சற்று முன்னாலும் திரண்டிருக்கும் பெட்டியோ விரைவில் அமைதி கொள்கிறது. ஆகவே அறிந்து செய்வோர், சுவரோடு மடியும் கட்டிலைப் பொருத்தி, பயண நேரத்தில் வண்டிகளை முன்னே கொண்டுவந்து கட்டி, தடத்தை அடைந்து அவற்றை இறக்கியபின் கட்டிலை விரிக்கின்றனர். டாய் ஹாலரில் வண்டிகள் பின்னால்தான் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததாகையால் அச்சுகளையும் பின்னுக்குத் தள்ளியே கட்டுகின்றனர். அதனால் வண்டிகள் இல்லாமல் வெறுமையாகச் செல்லும்போது அதன் முன்பாரம் பந்தைக் கடுமையாக அழுத்துவதும் உண்டு.

ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிப்பது இயல்பான தூண்டுதலாயினும், பின்னால் வரும் பெட்டி காரைத் தள்ள முற்படுமாதலால் அது நிலைமையை மோசமாக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லரின் மின்பிரேக்கை மட்டும் அதற்குரிய கைவிசையால் இயக்குவதே முறை. அந்த மின்பிரேக் எல்லாப் பெட்டிகளிலும் இருப்பதில்லை. பல மாநிலங்களில் 3,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட ட்ரெய்லர்களுக்கே பிரேக் கட்டாயம் என்பதால், ஒற்றை அச்சுப் பெட்டிகள் பல, உச்ச எடை 2,990 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,356 கிலோ என்று பொறிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. சட்டம் கேட்காததைப் பாதுகாப்பும் கேட்காது என்று கருதுவது பேதைமை. பிரேக் உள்ள பெட்டிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது வீணாகாது.

டயர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ட்ரெய்லர் ஆண்டில் பெரும்பகுதி அசையாமல் வெயிலில் நிற்பது. அதன் டயர்கள் தேய்ந்து அழிவதைவிட முதுமையால் அழிவதே அதிகம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்கின்றன. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருப்பதைக் கண்டு மனநிறைவடைவோர் அந்த இலக்கங்களைப் படிப்பதில்லை. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்கு மணிக்கு 55 மைல் என்னும் உச்ச வேகம் சட்டமாக இருந்தும், அதைப் பொருட்படுத்தாமல் விரைவோர் உளர். முதிர்ந்த டயரும் மிகுந்த வேகமும் பின்பாரமும் ஒன்றுகூடும்போது நேர்வதை விபத்து என்று அழைப்பதைக் காட்டிலும் கவனக்குறைவின் கூட்டுத்தொகை என்று அழைப்பதே பொருந்தும்.

இரவுக்குரிய கேள்விகள் வேறு. சரக்குப் பெட்டி, பொருள்களைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. பொருள்கள் மூச்சு விடுவதில்லை. உறங்கும் மனிதர் வெளிவிடும் ஈரம் குளிர்ந்த உலோகச் சுவரில் நீர்த்துளிகளாகப் படிந்து மெத்தையை நனைக்கிறது. கூரையில் விசிறியுடன் கூடிய காற்றுப்போக்கியும், காற்று உள்ளே வரத் தாழ்வான ஒரு திறப்பும் இருந்தால் இது தீரும். ஈரத்தைவிடக் கொடியது பெட்ரோல் ஆவி. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமான அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, அடுப்பையோ ஹீட்டரையோ தேடிச் செல்லக்கூடியது. அதனினும் கொடியது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரும். ஜெனரேட்டரைக் கட்டடத்திலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகைவாய் வெளிநோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும் என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை. பேடக்கில் பெட்டிகள் நெருக்கமாக நிற்குமாதலால், ஒருவர் தம்மிடமிருந்து தள்ளி வைக்கும் ஜெனரேட்டர் அடுத்தவரின் தலைமாட்டுக்குப் போய்விடக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். படுக்கையருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத பெட்டியில் உறங்கவே கூடாது. விலையுயர்ந்த பந்தய டயர்களை வார இறுதிக்கொருமுறை மாற்றுவோர் அச்சிறு கருவியை வாங்கத் தயங்குவது வியப்புக்குரியது.

கடைசியாகக் கதவு. சரக்குப் பெட்டிகள் பலவற்றின் பக்கக் கதவு, வெளிப்புறத்தில் ஒரு நீண்ட எஃகுத் தண்டைத் திருப்பிப் பூட்டும் அமைப்புடையது. திருடரைத் தடுக்க அது மிக நன்று. ஆனால் உள்ளிருந்து திறக்க அதற்குக் கைப்பிடியே கிடையாது. அறியாமல் யாரேனும் அத்தண்டைத் திருப்பிவிட்டால், பின்புறச் சாய்தளக் கதவின் தாழ்களும் வெளியே இருப்பதால், உள்ளே படுத்திருப்பவர் சரக்காகிவிடுகிறார். வீட்டு ட்ரெய்லர்களில் உள்ளதுபோல இருபுறமும் திறக்கும் கதவைக் கேட்டுப் பெறலாம். பழைய பெட்டியாயின் மாற்றிக்கொள்ளலாம். விற்பனை முற்றத்தில் கட்டிலின் நீளத்தை அளப்பதற்கு முன், துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்தி, உள்ளே சென்று, கதவை மூடித் தண்டைத் திருப்பச் சொல்லி, தாமாக வெளியே வர முடிகிறதா என்று வாங்குபவர் பார்த்துவிட வேண்டும். வர முடியாவிட்டால், அதற்குமேல் அளக்க வேண்டியது ஒன்றுமில்லை.