குற்றாலம் செல்லும் நாளில் நோயாளியை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டுமா?

ஆனி மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தொட்டதும், நெல்லை, தென்காசிப் பகுதி மக்களின் மனம் குற்றாலத்தை நாடத் தொடங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் சாரல் காலத்தில், திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூருக்குக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவது பல குடும்பங்களின் ஆண்டு வழக்கம். ஆனால் வீட்டில் இதய நோயாளியோ, சர்க்கரை நோயாளியோ, சிறுநீரகச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால் அவ்வழக்கம் அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. அல்லது அனைவரும் புறப்பட, நோயாளியும் அவருக்குத் துணையாக ஒருவரும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றனர். அவ்வாறு தங்குபவர் பெரும்பாலும் மனைவியாகவோ மருமகளாகவோ இருக்கிறார். பல மாதங்களாக மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவரும் அவரே.

நோயின் நிலை சீராக இருப்பின், பெரும்பாலான நோயாளிகள் இத்தகைய ஒருநாள் பயணத்தை மேற்கொள்ள இயலும். குற்றாலத்துக்குச் செல்வதும் அருவியின் அடியில் தலையைக் கொடுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதைக் குடும்பத்தினர் உணர்ந்தால் போதும்.

அருவிநீர் உடலில் செய்வது என்ன?

குளிர்ந்த நீர் உடலில் திடீரெனப் படும்பொழுது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது, மூச்சு திணறுகிறது, இதயத்தின் வேலைப்பளு கூடுகிறது. உடல்நலம் உள்ளவருக்கு இது சில நொடிகளில் தீரும் சிலிர்ப்பு. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவருக்கும், ஸ்டென்ட் பொருத்தப்பட்டவருக்கும், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவருக்கும் அதுவே ஆபத்தாகலாம்.

நீரின் வேகத்தையும் கருத வேண்டும். பேரருவி பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து, தன் வேகம் ஓரளவு தணிந்த பின்னரே கீழே வருகிறது. அப்படியிருந்தும் அது தலையிலும் பிடரியிலும் பலமாக அறைகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் அருவியின் நேரடி வீழ்ச்சியைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் அருவியில் குளிக்கவே கூடாது. செவிப்பறையில் துளை உள்ள குழந்தைகளின் காதில் நீர் புகாமல் காக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்ட இடத்தில் நீரோ கூட்டமோ மோதாதவாறு விலகி நிற்பது நல்லது.

சர்க்கரை நோயாளிகளின் கவனத்திற்கு

விடியற்காலையில் புறப்படும் குடும்பங்கள், குளித்த பின் சாப்பிடலாம் என்று காலை உணவைத் தள்ளிப்போடுவது வழக்கம். மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு உணவைத் தாமதித்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அருவிக்கரையில் நனைந்த உடலில் வியர்வை தெரிவதில்லை. நடுக்கத்தைக் குளிர் என்று எண்ணிவிடுகிறோம். எனவே சர்க்கரை நோயாளி நடுங்கினால், முதலில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடங்களில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், உடனே 108 எண்ணை அழையுங்கள்.

பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஈரப்பாறையில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. கல் கீறியதே தெரியாமல் வீடு திரும்பி, சில நாள்களுக்குப் பின் புண்ணுடன் மருத்துவமனைக்கு வர நேரிடும். வழுக்காத, பின்வார் உள்ள காலணி அணிவதும், இரவில் பாதங்களை வெளிச்சத்தில் பார்ப்பதும் போதுமான காப்பாகும். நிறுத்தப்பட்ட வாகனத்தின் வெப்பத்தில் இன்சுலினை விட்டுச் செல்லாதீர்கள். பனிக்கட்டியில் நேரடியாகப் புதைக்கவும் வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது.

நீரும் மருந்தும் உணவும்

வழியில் கழிப்பறை கிடைக்காதென அஞ்சி, பெண்களும் முதியவர்களும் நீர் அருந்துவதையே நிறுத்திவிடுகின்றனர். சிலர் சிறுநீர் பிரியும் மாத்திரையையும் தவிர்க்கின்றனர். இரண்டுமே தவறு. மாத்திரை நேரத்தை மாற்ற இயலுமா என்பதை முன்னதாக மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வழியில் எங்கெங்கு நிறுத்துவது என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். அருவிநீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் பருகலாகாது. காய்ச்சி ஆறிய நீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

குற்றாலத்துக் கடைகளில் குவிந்திருக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் யாரையும் ஈர்க்கும். சர்க்கரை நோயாளி அவற்றுள் ஓரிரண்டைச் சுவைக்கலாம். பை நிறைய வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் பழங்களையும், பொட்டாசியம் மிகுந்த இளநீரையும் தம் உணவுக் கட்டுப்பாட்டின்படியே கொள்ள வேண்டும்.

வெள்ளம் சொல்லிவிட்டு வருவதில்லை

கீழே வானம் தெளிந்திருக்கையிலும் மலைமேல் பெய்யும் மழை சில நிமிடங்களில் அருவியை வெள்ளமாக்கிவிடும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், சாரல் காலம் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். நீர் கலங்கி நிறம் மாறினாலும், சருகும் குச்சியும் வரத் தொடங்கினாலும் உடனே கரையேறுங்கள். காவலர்கள் விதிக்கும் தடையை எவ்விதத்திலும் மீறாதீர்கள். நடை தளர்ந்தவர் விரைந்து ஓட இயலாது. ஆகவே அவருக்கு அமைக்கும் இருக்கை நீரோட்டப் பாதையிலிருந்து விலகி, மேட்டில் இருக்கட்டும்.

யார் யாருக்குத் துணை?

ஒருவர் மட்டுமே நாள் முழுவதும் நோயாளியின் அருகில் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. முறை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அன்றாடம் பணிவிடை செய்பவரை அன்று முதலில் குளிக்க அனுப்புங்கள். மருந்துச் சீட்டின் நகலும் அன்றைய மருந்துகளும் ஒரே பையில் இருக்கட்டும். அப்பை எங்குள்ளது என்பதை அனைவரும் அறிந்திருக்கட்டும்.

அருவியில் குளிக்க இயலாதவருக்கும் குற்றாலம் தருவதற்கு நிறைய உண்டு. மலையிலிருந்து இறங்கும் காற்றும், முகத்தில் படியும் சாரலும், பேரக்குழந்தைகள் நனைந்து வந்து மடியில் சாய்வதும் நோயுற்றவருக்கு மறுக்கப்பட வேண்டியவை அல்ல. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, பயணம் செல்லலாமா என்ற கேள்வியை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மருந்தின் அளவைப் போலவே அதுவும் சிகிச்சையைச் சார்ந்த கேள்விதான்.