தெரிந்தே சொன்ன பொய்

எதிர்வீட்டு அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காலை டீ அவரோடுதான். நேற்றுக் கடை டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, பொய்யின்னு தெரிஞ்சே சொல்றாங்களே, இவங்க மேல கேஸ் போட முடியாதா?"

"முடியும்ணே. ஆனா நீங்க 'தெரிஞ்சே'ன்னு சொன்னீங்க பாருங்க, கேஸே அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்கும்" என்றேன்.

அவருக்குச் சொன்ன வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 2020 நவம்பரில் அதிபர் தேர்தலில் டிரம்ப் தோற்றார். டொமினியன் என்றொரு கம்பெனி பல மாநிலங்களுக்கு வாக்கு இயந்திரங்கள் கொடுத்திருந்தது. டிரம்ப் பக்கத்து வக்கீல்களான சிட்னி பவலும் ரூடி ஜூலியானியும் ஃபாக்ஸ் நியூஸ் நிகழ்ச்சிகளில் வந்து உட்கார்ந்து, அந்த இயந்திரங்கள் ஓட்டை மாற்றிப் போட்டன என்றார்கள். வெனிசுவேலாவில் அந்நாட்டு அதிபராக இருந்த சாவேஸுக்காகத் தொடங்கிய கம்பெனி அது என்றும், அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்தது என்றும் பேச்சு போனது. உண்மையில் அது கனடாவின் டொரான்டோவில் பிறந்த கம்பெனி. ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் காகிதச் சீட்டுகளைக் கையாலேயே மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். ஜெயித்தவர் மாறவில்லை.

2021 மார்ச்சில் டொமினியன், டெலவேர் மாநில நீதிமன்றத்தில் 160 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. சொன்னது பொய் என்று காட்டினால் மட்டும் அங்கே போதாது. ஏன் என்று புரிய 1960க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. அதில் சின்னச் சின்னத் தவறுகள் இருந்தன. நான்கு முறை கைதான கிங்கை ஏழு முறை கைதானார் என்று எழுதியிருந்தார்கள். மாணவர்கள் பாடிய பாட்டைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்கள். அலபாமாவில் மான்ட்கோமரி நகரப் போலீஸைக் கவனித்த சல்லிவன் என்ற ஆணையர், தன் பெயர் விளம்பரத்தில் எங்குமே இல்லாதபோதும் வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கறுப்பின மக்கள் மீதான கொடுமையை எழுதும் பத்திரிகைகளை இப்படியே நொடித்துப்போகச் செய்துவிடலாம் என்ற நிலைமை. 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பொதுப் பதவியில் இருப்பவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே வெளியிட்டார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று துளியும் பார்க்காமல் வெளியிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. டொமினியனும் இதையே நிரூபிக்க வேண்டியிருந்தது.

இந்த விதி நமக்கும் அந்நியமில்லை. ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994இல் நம் உச்ச நீதிமன்றம் இதே சல்லிவன் தீர்ப்பை எடுத்துப் பேசித்தான், அதிகாரிகளின் அலுவல் பற்றி எழுதும் பத்திரிகைக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. தவறே செய்யாத நிருபர் உலகத்தில் கிடையாது. தெரியாமல் தவறு செய்பவரைக் காப்பாற்ற இந்த விதி வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

"சரி, அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" என்றார் அண்ணன்.

அங்கேதான் ஃபாக்ஸ் மாட்டிக்கொண்டது. விசாரணைக்கு முன்பே இரண்டு தரப்பும் தங்கள் மெயில்களையும் செல்போன் செய்திகளையும் எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி வெளிவந்த ஒன்றில், தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் சக தொகுப்பாளரிடம், பவல் பொய் சொல்கிறார், பிடித்துவிட்டேன் என்கிறார். நம் நேயர்கள் நல்லவர்கள், இதை நம்புகிறார்கள் என்று வருத்தமும் படுகிறார். பவலிடம் ஆதாரம் கேட்டும் தரவில்லை என்று அவர் தன் நிகழ்ச்சியில் சொன்னார். ஆனால் வேறு நிகழ்ச்சிகளில் குற்றச்சாட்டு தொடர்ந்தது. அதே சேனலின் பெண் நிருபர் ஒருவர், மோசடிக்கு ஆதாரமில்லை என்று ட்விட்டரில் எழுதியபோது, பங்கு விலை இறங்குகிறது, அவரை வேலையை விட்டுத் தூக்குங்கள் என்று எழுதியவரும் இதே கார்ல்சன்தான்.

இன்னொன்றைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. பவலுக்கு ஒரு பெண் மெயில் அனுப்பியிருந்தார். அதில் டொமினியன் மீது குற்றச்சாட்டுகள், கூடவே, காற்று தன்னிடம் பேசுகிறது, தன்னை ஆவி என்கிறது என்றும் இருந்தது. அந்த மெயில் தொகுப்பாளர் மரியா பார்ட்டிரோமோவுக்குப் போனது. மறுநாளே பவல் அவர் நிகழ்ச்சியில் உட்கார்ந்து டொமினியனைப் பற்றிப் பேசினார். அந்த மெயில் அர்த்தமற்றது என்று பார்ட்டிரோமோ பின்னால் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். முதலாளி ரூபர்ட் முர்டாக்கிடம், இந்த ஆட்களை வராமல் தடுத்திருக்க முடியாதா என்று கேட்டார்கள். முடிந்திருக்கும், செய்யவில்லை என்றார்.

அதிபர் தரப்பு சொன்ன செய்தியைச் சொன்னோம், அவ்வளவுதான் என்று ஃபாக்ஸ் வாதாடியது. நீதிபதி எரிக் டேவிஸ் அதை ஏற்கவில்லை. டொமினியன் பற்றிச் சொன்னவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்று 2023 மார்ச் 31ஆம் தேதி தெளிவாக எழுதிவிட்டார். தெரிந்தே சொன்னார்களா என்பது ஜூரிக்கு விடப்பட்டது. ஏப்ரல் 18, ஜூரி உட்கார்ந்தாகிவிட்டது, வக்கீல்கள் பேச எழ வேண்டியதுதான் பாக்கி. அப்போது சமரசம் ஆனது. 78 கோடியே 75 லட்சம் டாலர்.

"அம்மாடி! டிவியில மன்னிப்புக் கேட்டாங்களா?"

"இல்லண்ணே. சில கூற்றுகள் பொய்யின்னு கோர்ட் சொன்னதை ஏத்துக்கிறோம்னு ஒரு அறிக்கை விட்டாங்க."

"பார்த்து நம்புனவனுக்கு?"

அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு இந்த வழக்கில் ஆறாமல் இருப்பது இதுதான். அவதூறுச் சட்டம், பெயர் கெட்டவனுக்கு மட்டுமே கதவைத் திறக்கிறது. டொமினியன் என்று பெயர் சொல்லாமல், மோசடி நடந்தது என்று மட்டும் மொட்டையாகச் சொல்லியிருந்தால் வழக்கே இருந்திருக்காது. தேர்தலின் மேலேயே நம்பிக்கை இழந்த நேயர் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. தொகை எவ்வளவு பெரிதானாலும், பொய் வந்த அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில் திருத்தமும் வர வேண்டும் என்பதைச் சமரசத்தின் நிபந்தனையாக வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் நேயருக்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. வேண்டுமென்றே சொல்லும் பொய்யும் அரை உண்மையும் கூடாது என்பது கேபிள் டிவி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறையிலேயே உண்டு. 2021இல் வந்த திருத்தப்படி, எந்த நேயரும் சேனலுக்கே புகார் எழுதலாம். சேனல் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அடுத்து சுய ஒழுங்கு அமைப்பு இருக்கிறது. பெயர் கெட்டவராக இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.