குளிர் காக்கும் சுவை: பீரும் சேமிப்பு வெப்பநிலையும்

பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கைக் கொண்டு ஆக்கப்படும் பீர், புட்டியில் அடைத்து மூடியவுடன் மாற்றத்திற்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், மூடிய புட்டிக்குள்ளும் வேதிவினைகள் ஓய்வதில்லை. அவை எவ்வளவு விரைவாக நடைபெறும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அந்தப் புட்டி வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் வெப்பநிலையே. ஆகவே, ஆலையில் அரும்பாடுபட்டு உருவாக்கிய சுவை, அதன் பின்னர் கிடங்கிலும் லாரியிலும் கடை அலமாரியிலும் காக்கப்பட்டால்தான் குடிப்பவரைச் சென்றடைகிறது.

இதை வேதியியல் விளக்குவதற்கு நெடுங்காலம் முன்பே, தென் ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் பீர் காய்ச்சியவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். கோடையில் காய்ச்சிய பீர் அடிக்கடி புளித்துக் கெட்டதால், கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1553ஆம் ஆண்டில், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று ஆணையிட்டார். கோடைக்கு வேண்டிய பீரை மார்ச் மாதத்திலேயே சற்றுச் செறிவாகக் காய்ச்சி நிலவறைகளில் இருப்பு வைப்பது வழக்கமாயிற்று. குளிர்காலத்தில் ஏரிகளிலும் ஆறுகளிலும் வெட்டியெடுத்த பனிக்கட்டிகளை அந்த நிலவறைகளில் அடுக்கினர்; மேலே சரளைக்கல் பரப்பி, அகன்ற இலைகளும் ஆழமாக ஓடாத வேர்களும் கொண்ட குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டு, கூரையில் வெயில் படாமல் காத்தனர். அந்த மர நிழலிலேயே பீரை விற்கும் பழக்கம் வேரூன்றி, 1812ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் மாக்சிமிலியனின் ஆணையால் முறைப்படுத்தப்பட்டது. இன்றைய மியூனிக் நகரின் புகழ்பெற்ற பீர்த் தோட்டங்கள் அதன் தொடர்ச்சியே. பின்னர் 1870களில் பொறியாளர் கார்ல் ஃபான் லின்டே தாம் வடிவமைத்த குளிரூட்டும் எந்திரத்தை மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையில் இயக்கிக் காட்டியபோது, பனிக்கட்டியை நம்பியிருந்த தொழில் ஆண்டு முழுவதும் குளிரைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் நிலைக்கு உயர்ந்தது.

பீர் தரம் குன்றுவதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் புகுந்து புளிக்கச் செய்வது. பீரைப் பற்றி 1876ஆம் ஆண்டில் தனி நூலே வெளியிட்ட லூயி பாஸ்டர் இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் பெயரால் வழங்கும் பாஸ்டராக்க முறையில், அடைத்த புட்டிகளை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைத்து நுண்ணுயிர்களை அழிக்கின்றனர். இரண்டாவது வழி, உயிர்களின் தலையீடு இல்லாமலே நிகழும் வேதிமாற்றம். பாஸ்டராக்கத்தால் இதைத் தடுக்க இயலாது. இதில் முதன்மையானது ஆக்சிஜனேற்றம், அதாவது பீரில் கரைந்துள்ள சிறிதளவு ஆக்சிஜன் மற்றச் சேர்மங்களோடு வினைபுரிந்து அவற்றை மாற்றிவிடுவது. நவீன ஆலைகள் புட்டிக்குள் தங்கும் ஆக்சிஜனை நூறு கோடிப் பங்கில் சில பத்துப் பங்கு என்ற அளவிற்குக் குறைக்க முயன்றாலும், அந்தச் சிறிதளவே வினையைத் தொடங்கப் போதுமானது.

இம்மாற்றத்தின் விளைவுகளை நாவும் மூக்கும் தெளிவாக உணர்கின்றன. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியிலுள்ள கொழுப்பு அமிலங்களிலிருந்து தோன்றும் டிரான்ஸ்-2-நோனினால் என்னும் ஆல்டிகைடு, மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலே, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையைப் பீருக்குக் கொடுத்துவிடுகிறது. வேறு சில ஆல்டிகைடுகள் தேனையோ வேகவைத்த உருளைக்கிழங்கையோ நினைவூட்டும் மணத்தைத் தருகின்றன. அதே வேளையில், ஹாப்ஸின் கசப்பு மழுங்குகிறது. ஈஸ்ட் உண்டாக்கிய எஸ்டர்கள் எனப்படும் பழ மணச் சேர்மங்களுள் சில குறைகின்றன. நிறமும் கருக்கத் தொடங்குகிறது. வெப்பம் கூடக் கூட ஃபர்ஃபியூரால் என்ற சேர்மமும் பெருகுகிறது. சாதாரண பீரில் அது நாவிற்குத் தெரியும் அளவை எட்டாவிட்டாலும், பீர் எவ்வளவு வெப்பத்தைக் கடந்து வந்தது என்பதை ஆய்வகத்தினர் அதன் அளவைக் கொண்டே மதிப்பிடுகின்றனர்.

வெப்பநிலை உயர்ந்தால் வேதிவினைகள் ஏன் விரைவடைகின்றன என்பதைச் சுவீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ் 1889ஆம் ஆண்டில் சமன்பாடாகவே வகுத்தார். பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்விற்கும் வினைவேகம் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. பீர்த் தொழிலில் இது 3-30-300 என்ற எளிய விதியாக வழங்குகிறது: 32 டிகிரியில் 3 நாள்களில் ஏற்படும் தரக்குறைவு, 22 டிகிரியில் 30 நாள்களிலும், 3 டிகிரியில் 300 நாள்களிலும் ஏற்படும். இது துல்லியமான அளவீடு அன்று. கிடங்குப் பணியாளர் நினைவில் கொள்வதற்கான தோராயமே. ஆயினும், வெயிலில் நிறுத்தப்பட்ட லாரியில் கழியும் சில நாள்கள், குளிர்கிடங்கில் கழியும் பல மாதங்களைவிடப் பீருக்குக் கூடுதல் கேடு செய்யக்கூடும் என்பதை அது நன்கு உணர்த்துகிறது. கோடையில் 40 டிகிரியை நெருங்கும் ஊர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

குளிருக்கும் எல்லை உண்டு. வெப்பநிலை சுழியை நெருங்கும்போது, பீரிலுள்ள புரதங்களும் தாவரப் பொருள்களிலிருந்து வந்த பாலிபீனால்களும் ஒன்றோடொன்று பிணைந்து, குளிர்க்கலங்கல் எனப்படும் மங்கலை உண்டாக்குகின்றன. பீர் சற்று வெதுவெதுப்படைந்தால் இது மறைந்துவிடும். பலமுறை நேர்ந்தால் நிலைத்துவிடுவதும் உண்டு. 5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பீர் சுழிக்குக் கீழ் இரண்டு மூன்று டிகிரியில் உறையத் தொடங்குகிறது. உறையும் நீர் விரிவடைவதால் புட்டி வெடிக்கலாம், உருகிய பின்னும் புரதத் துகள்கள் பிரிந்து மிதக்கலாம்.

குளிர்ந்த பீர் ஒருமுறை வெதுவெதுப்படைந்து மீண்டும் குளிர்ந்தால் உடனே கெட்டுவிடும் என்று பலர் நம்புகின்றனர். கேடு செய்வது அந்த ஏற்ற இறக்கம் அன்று, வெப்பத்தில் கழிந்த மொத்த நேரமே. அத்தகைய பீரில் சில வேளை வீசும் முடைநாற்றத்திற்குக் காரணம் ஒளி; ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் ஒளிபட்டுச் சிதைந்து கந்தகச் சேர்மமாக மாறுவதால் அது தோன்றுகிறது. பழுப்பு நிறப் புட்டிகள் பெரும்பாலும் பயன்படுத்தப்படுவது இந்த ஒளியைத் தடுப்பதற்காகவே.

எல்லா வகைப் பீருக்கும் ஒரே விதி பொருந்துவதில்லை. ஆல்கஹால் மிகுந்த கரிய வகைகளும், பெல்ஜியத்தின் லாம்பிக் போன்ற புளிப்பு வகைகளும் மிதமான குளிரில் ஆண்டுக்கணக்கில் பக்குவமடைகின்றன. இங்கிலாந்தில் உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாயிலிருந்து வழங்கப்படும் ஏல் வகையை 11 முதல் 13 டிகிரியில் வைப்பதே மரபு. ஆனால் ஹாப்ஸ் மணத்தையே உயிராகக் கொண்ட வகைகளும், பாஸ்டராக்கம் செய்யப்படாத பீப்பாய் பீரும், ஆலையிலிருந்து குவளை வரை குளிர் அறுபடாமல் வந்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால், புட்டியில் அச்சிட்டுள்ள தேதி பீரின் வயதை மட்டுமே சொல்கிறது, அது கடந்து வந்த வெப்பத்தைச் சொல்வதில்லை என்பது புலனாகும். குடிப்பதற்குச் சற்று முன்பு குளிர்விப்பது குளிர்ச்சியைத் தருமேயன்றி, வெப்பத்தில் இழந்த சுவையை மீட்டுத் தராது. எனவே ஆலைக்குள் செலுத்தும் அதே கவனத்தை, ஆலை வாயிலைக் கடந்த பின்னரும் கிடங்கு உரிமையாளரும் போக்குவரத்தினரும் விற்பனையாளரும் தொடர்ந்து செலுத்துவதே பீரின் தரத்தைக் காக்கும் வழியாகும்.