பயணச்சீட்டுக்கு முன் கடவுச்சீட்டு

மர்பி டவுனில் உள்ள எங்கள் கிளைக்குச் சென்ற ஆண்டு ஓர் அம்மையார் வந்தார். சிங்கப்பூரில் வாழும் அவருடைய மகளுக்கு அது தலைப்பிரசவம். துணைக்குச் செல்ல வேண்டும். அதற்கு அந்நியச் செலாவணி அட்டை தேவை என்றார். மருமகன் பயணச்சீட்டையும் வாங்கி அனுப்பிவிட்டார். விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்புவதற்காக அவருடைய கடவுச்சீட்டைத் திறந்தேன். பயண நாளிலிருந்து கணக்கிட்டால், அது காலாவதியாக நான்கு மாதங்களே இருந்தன.

“இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே சார், நான் இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவேனே” என்றார் அவர். அவர் சொன்னது நியாயமாகவே தோன்றும். ஆயினும் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள், தம் மண்ணில் கால் வைக்கும் வேளையில் கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்காவது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நோய், விபத்து, விமானத் தடை என ஏதேனும் ஒரு காரணத்தால் பயணி அங்கேயே தங்க நேர்ந்தால், அவர் கையில் உள்ள ஆவணம் காலாவதியாகிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். இந்த நிபந்தனையை நிறைவு செய்யாதவரை விமான நிறுவனமே ஏற்றிக்கொள்ளாது.

எல்லா நாடுகளுக்கும் ஒரே விதி இல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குச் செல்பவரின் கடவுச்சீட்டு, அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதங்கள் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்; அத்துடன் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விசா ஒட்டவும் முத்திரை பதிக்கவும் வெற்றுப் பக்கங்கள் வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். ஆகவே செல்லும் நாட்டின் தூதரக அறிவிப்பைப் படித்த பிறகே பயணச்சீட்டு வாங்குவது முறை.

எப்போது விண்ணப்பிப்பது?

வழக்கில் நாம் ‘புதுப்பித்தல்’ என்று சொன்னாலும், விண்ணப்பப் படிவத்தில் அதன் பெயர் ‘மறுவழங்கல்’. பழைய புத்தகத்தில் தேதியை நீட்டித்துத் தருவதில்லை. புதிய எண்ணுடன் புதிய புத்தகமே வழங்கப்படுகிறது. காலாவதியாவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

“எஞ்சிய மாதங்கள் வீணாகுமே” என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. உண்மைதான்; அந்த மாதங்கள் புதிய கடவுச்சீட்டில் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். வயது வந்தோருக்கான 36 பக்கக் கடவுச்சீட்டின் கட்டணம் 1,500 ரூபாய். அது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதாவது ஆண்டுக்கு 150 ரூபாய். ஆறு மாதங்களை இழந்தால் 75 ரூபாய் நட்டம். தட்கல் முறையில் விரைந்து பெறுவதற்கோ கூடுதலாக 2,000 ரூபாய் செலுத்த வேண்டும். பயணத் தேதியை மாற்றும் செலவு இதில் சேராது.

பிள்ளைகளின் கடவுச்சீட்டில் கூடுதல் கவனம் தேவை. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு அது ஐந்து ஆண்டுகளுக்கோ, பதினெட்டு வயது நிறையும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். பெற்றோரின் சீட்டு செல்லத்தக்கதாக இருக்கும்போதே பிள்ளையின் சீட்டு முடிந்துவிடக்கூடும்.

பெயரும் முகவரியும்

கடவுச்சீட்டுச் சேவைத் திட்டம் 2010ஆம் ஆண்டில் முன்னோடியாகத் தொடங்கப்பட்ட இடங்களுள் நம் பெங்களூரும் ஒன்று. நகரில் சேவை மையங்கள் உள்ளன. வெளியுறவு அமைச்சகத்தின் ‘பாஸ்போர்ட் சேவா’ இணையதளத்தில் அல்லது கைபேசிச் செயலியில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, நாள் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். அதே தோற்றத்தில் போலி இணையதளங்களும் உலவுகின்றன. கட்டணம் செலுத்தும் முன் முகவரியைச் சரிபாருங்கள். ஐயம் இருப்பின் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

வீடு மாறியிருந்தால் இப்போதைய முகவரிக்குச் சான்று தேவை. ஒளிப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகமும் ஏற்கப்படும் சான்றுகளுள் ஒன்று. படம் இல்லாத புத்தகம் உங்களிடம் இருந்தால், கிளையில் கொடுத்துப் படம் ஒட்டி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

தமிழர்களாகிய நமக்கு முன்னெழுத்து ஒரு தனிச் சிக்கல். ஆதாரில் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் பெயர் இருப்பதைத் தினமும் காண்கிறோம். குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, ஒற்றைப் பெயருடன் கடவுச்சீட்டு வைத்திருப்போரும் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் இத்தகைய ஒற்றைப் பெயருக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு விதித்தபோது பலர் திகைத்தனர். மறுவழங்கலின்போதே இதைச் சீர் செய்துகொள்ளலாம். ஆனால் பெயர் திருத்தத்திற்குச் சான்றுகளும் நாட்களும் கூடுதலாக வேண்டும்.

புதிய கடவுச்சீட்டு வந்த பின், பழையதை எறிந்துவிடாதீர்கள். அதில் செல்லத்தக்க விசா இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். பயணச்சீட்டு, அந்நியச் செலாவணி அட்டை ஆகியவற்றில் பழைய எண் பதிவாகியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு வைத்திருப்போர், புதிய கடவுச்சீட்டின் நகலைத் தம் கிளைக்கு அளிப்பது அவசியம்.

அந்த அம்மையாரின் கதைக்கு வருவோம். அல்சூரிலிருந்து அவர் வீடு மாறி வந்திருந்தார். சான்று திரட்டவே ஒரு வாரம் கழிந்தது. தட்கலில் கடவுச்சீட்டு கிடைத்து, அதன் பிறகு விசா பெற்று, தேதி மாற்றிய பயணச்சீட்டில் அவர் சிங்கப்பூர் சேர்ந்தபோது பேரனுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்ததும் கிளைக்கு வந்து கைபேசியில் படம் காட்டினார். “எல்லாரும் நலம் சார். ஆனால் முதல் தண்ணீர் ஊற்ற நான் இல்லை” என்றார். நான் பதில் ஏதும் சொல்லவில்லை.

இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் அலமாரியிலிருந்து எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் எடுங்கள். ஒவ்வொன்றின் காலாவதித் தேதிக்கும் ஓராண்டு முந்தைய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.