கீழாநெல்லியை இனங்கண்டு அறுவடை செய்யுங்கள்

கீழாநெல்லி முழுச்செடியாகவே மருந்துக்கு விற்பனையாகிறது. ஒத்த தோற்றமுள்ள செடிகள் கலந்தால் விலை குறையும். மருந்தின் தரமும் கெடும். காய்ந்தபின் பிரிப்பது கடினமாதலால், பச்சையாக இருக்கும்போதே இனங்காண வேண்டும்.

இலைக்கடியில் காய் இருப்பது மட்டும் போதிய அடையாளமன்று. சிவப்புக் கீழாநெல்லியிலும் அவ்வாறே காணப்படும். ஆனால் அதன் தண்டு பெரும்பாலும் சிவந்திருக்கும். காய் காம்பின்றி ஒட்டியும் சொரசொரப்பாகவும் இருக்கும். கீழாநெல்லியின் காய் வழவழப்பானது. சிறு காம்பில் தொங்கும். மேலாநெல்லியின் இலை, அடிப்பக்கம் குறுகி ஆப்பு வடிவில் இருக்கும்.

ஐயமிருந்தால் பூவைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கீழாநெல்லிக்குப் புல்லிதழ்கள் 5. மற்ற இரண்டிற்கும் 6.

வேற்றுச் செடிகளை விதை முற்றுமுன் பிடுங்கிவிடுங்கள். விதை சிந்தினால் அடுத்த பருவத்திலும் கலப்பு தொடரும்.