மூன்று நாள் பாடசாலை: குறைவது நாட்கள் மட்டுமா?

எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு நடுவே, 2022 ஜூலை 25ஆம் திகதி, திங்கட்கிழமை, இலங்கையில் பாடசாலைகள் வாரத்துக்கு மூன்று நாளாகத் திறந்தன. திங்கள், செவ்வாய், வியாழனில் வகுப்பு. புதனும் வெள்ளியும் பிள்ளைகள் வீட்டில். அப்போது நமக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்டது ஒன்றே: "நாள்தானே குறைகிறது, பாடம் குறையாதுதானே?"

குறையும். அதுவும் எல்லாப் பாடமும் ஒரே அளவில் குறையாது.

வாரத்துக்கு 40 ஆக இருந்த பாடவேளைகள் 24 ஆயின. சாதாரண தர மாணவருக்குப் பாடங்களோ அதே ஒன்பது. விடுபட்ட நாட்கள் மாறி மாறி வரவில்லை, எப்போதும் புதனும் வெள்ளியும்தான். சிக்கல் இங்கேதான் இருந்தது. 10ஆம் தரத்தின் பழைய நேரசூசி ஒன்றை எடுத்து அந்த இரண்டு நிரல்களையும் பென்சிலால் வெட்டிப் பாருங்கள். தினமும் ஒரு பாடவேளை உள்ள கணிதம் ஐந்திலிருந்து மூன்றாகும். புதனில் இரண்டும் வெள்ளியில் ஒன்றுமாக இருந்த சங்கீதம் அடியோடு போய்விடும். யாரும் உத்தரவிடாமலே ஒரு பாடம் காணாமற்போகிறது.

அதிபர் புதிய நேரசூசி போட்டாலும் இக்கட்டுத்தான். பரீட்சை நெருங்கும்போது கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நேரம் கேட்பார்கள். அந்த நேரம் அழகியலிலிருந்தும் உடற்கல்வியிலிருந்தும்தான் எடுக்கப்படும்.

மற்ற இரு நாட்களும் 'வீட்டிலிருந்து கற்றல்' என்றது கல்வி அமைச்சு. மின்வெட்டுக்கு நடுவே, ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில், அதற்குப் பொருள் தாய் தகப்பனே ஆசிரியர் என்பதுதான். காசுள்ள வீடு அந்த நாட்களை ரியூசனால் நிரப்பும். மற்றப் பிள்ளைகளுக்கு அவை வெறும் நாட்கள். 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி, வாரத்தில் மூன்று நாளைக்குச் சுருங்கக் கூடாது.

எரிபொருள் இல்லாதபோது வேறு வழி உண்டா? குறைவு. ஆனால் நாளைக் குறைத்தால் பரீட்சைக்குரிய பாடப்பரப்பையும் குறைக்க வேண்டும்.

 

இப்படி நாட்கள் குறைந்தால் பெற்றோர் என்ன செய்யலாம்? முதல் நாளே புதிய நேரசூசியைக் கேட்டு வாங்கி, பழையதோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட பாடத்தின் பெயரை எழுதி அதிபரிடம் கொடுங்கள். பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்கும் அனுப்புங்கள். எந்தப் பாடம் போகிறது என்று எழுத்தில் பதிவானால்தான், அதைத் திரும்பக் கேட்க நமக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.